போன வருஷத்துத் தண்டு

வெண்ணெய்க் கத்தியை ஜன்னல் இடுக்கில் செருகி ஹோல்கர் மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டிருந்தார். கத்தி சத்தம் போட்டதே தவிர வேலை எதுவும் செய்யவில்லை. செய்துவிடக் கூடாது என்றுதான் அவரும் அதை அப்படிப் பிடித்திருந்தார்.

"என்னண்ணே, ஜன்னலைத் திறக்கறியா, ரொட்டிக்கு வெண்ணெய் தடவறியா?"

கட்டிலில் கிடந்த விகோவுக்கு ஜன்னல் தெரியாது. தலைமாடு ஜன்னல் பக்கம். சத்தத்தை வைத்தே தம்பி கண்டுபிடித்துவிட்டானோ என்று ஹோல்கருக்குப் பகீரென்றது.

"பெயின்ட் இறுகிப்போச்சுடா. சிமென்ட் வச்சுப் பூசின மாதிரி இருக்கு."

"ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வச்சுக்கிட்டுத்தான் பெயின்ட் அடிக்கணும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"அடிச்சது பிப்ரவரி மாசம்டா. திறந்து வச்சிருந்தா பெயின்ட்டோட நானும் உறைஞ்சிருப்பேன்."

"பால் பண்ணையில ஐஸ் ரூமுக்குள்ளயே காலத்தை ஓட்டின ஆளு. இவருக்குக் குளிருதாம்." விகோ சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் இருமலாகி, இருமல் பாதியில் வலியாகி, முகம் சுருங்கியது. ஹோல்கர் கத்தியை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுச் சுற்றி வந்து, தண்ணீரில் நனைத்த பஞ்சால் அவன் உதட்டைத் துடைத்தார். கன்னம் ஒட்டி, மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அப்பாவின் மூக்கு.

"எனக்கு வேற எதுவும் வேணாம்ணே," என்றான் விகோ, மூச்சு திரும்பியதும். "பொழுது சாஞ்சா வெளியில அந்தக் கொடி வாசனை விடும். ஒரே ஒரு சாயங்காலம் அந்த வாசனை இந்த ரூமுக்குள்ள வந்தாப் போதும். அப்புறம் நீ செங்கல் வச்சு அடைச்சுக்கோ, நான் கேக்க மாட்டேன்."

"திறந்துடலாம்டா. சாயங்காலத்துக்குள்ள திறந்துடலாம்."

"பூ நிறைய விட்டிருக்கா?"

"விட்டிருக்கு."

"மேல வரைக்கும்?"

"பீலி வரைக்கும் போயிருக்கு," என்றார் ஹோல்கர், கூரை விளிம்புத் தகரக் கால்வாயை நினைத்துக்கொண்டு. அந்தப் பீலியை அடைக்கிறது, சுவரை ஈரமாக்குகிறது என்று அந்தக் கொடியோடு அவர் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல.

ஜன்னலுக்கு வெளியே தேன்கொடி இருந்தது, இலையும் இருந்தது. பூதான் இல்லை. இந்த வருஷம் பூக்கவும் போவதில்லை. ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று வரும், வாசனை வராது. திறக்காத வரைக்கும் குற்றம் பெயின்ட்டின் மேல். திறந்துவிட்டால் குற்றம் யார் மேல் என்பது விகோவின் மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆகவே ஒரு வாரமாக ஹோல்கர் வெண்ணெய்க் கத்தியால் ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தார்.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் கல்யாணமாகவில்லை. அண்ணன் பால் பண்ணையில் பாலாடைக்கட்டிக்கு உப்புப் போட்டார். தம்பி படகுத்துறையில் கயிறு பிடித்தான். அம்மா அப்பா போனபின் கடலைப் பார்த்த அதே வீட்டில் அப்படியே இருந்துவிட்டார்கள். சமையல் அண்ணனுடையது, வாசல் தம்பியுடையது என்று யாரும் பேசி வைக்காமலே பிரிந்துகொண்டது. பழைய படகுத்துறை அலுவலகத்தை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தபோது, அதன் சுவரில் இருந்த தேன்கொடியின் கிளை ஒன்றை விகோ வளைத்து, ஒரு சட்டி மண்ணில் பதித்து, மேலே கல் வைத்துவிட்டு வந்தான். வேர் பிடித்ததும் வெட்டிக் கொண்டுவந்து ஜன்னலோரம் நட்டான். சட்டியும் கையுமாக அவன் வாசலில் வந்து நின்றது ஹோல்கருக்கு இன்னும் நினைவிருக்கிறது. எந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வராதவன் இதையாவது கொண்டுவந்தானே என்று கேலி செய்ததும் நினைவிருக்கிறது.

தேன்கொடிக்குத் தலை வெயிலில் இருக்க வேண்டும், கால் நிழலில் இருக்க வேண்டும். அதற்காக விகோ கடற்கரையிலிருந்து தட்டைக் கற்களாகப் பொறுக்கி வந்து வேரைச் சுற்றி அடுக்கினான். மழை ஏமாற்றும் வாரங்களில் பீப்பாய்த் தண்ணீரை மொண்டு ஊற்றினான். அசுவினிப் பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீர். பூ ஓய்ந்ததும், ஆகஸ்டில், ஒரு கூடைக்கு மேல் போகாமல் கழித்துவிடுவான். அந்தக் கழிவைக் காயவைத்துக் குளிர்காலத்தில் அடுப்பு பற்றவைக்க எடுப்பான். உரிந்து தொங்கும் அதன் பட்டை காகிதம் போலப் பற்றிக்கொள்ளும். அந்தப் புகையில் ஒரு கசந்த இனிப்பு உண்டு. அந்த வீட்டின் குளிர்காலக் காலைகள் எல்லாம் அந்த வாசனையோடுதான் விடிந்தன. பூவின் வாசனை ஹோல்கருக்குப் பெரிதாகப் பட்டதில்லை. பகலில் மூக்கை ஒட்டி வைத்தாலும் ஒன்றும் தெரியாது. பொழுது சாயும்போதுதான் வெள்ளைக் குழல்கள் விரிந்து, தெருவில் போகிறவர்கள் நடையைக் குறைக்கும்படி அது மணக்கும். அந்த நேரம் விகோ நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவான். ஹோல்கர் உள்ளே செய்தி கேட்பார்.

பிப்ரவரியில் விகோவை அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்கள். தனியாக வீட்டில் உட்கார்ந்திருந்த ஹோல்கருக்குக் கை சும்மா இருக்கவில்லை. தம்பி திரும்பி வரும்போது ஏதாவது ஒன்று நன்றாக இருக்கட்டுமே என்று தோன்றியது. ஜன்னல் சட்டத்தில் பெயின்ட் உரிந்து கிடந்தது கண்ணில் பட்டது. அடிக்கலாம் என்றால் கொடி வழிமறித்தது. வெறும் குச்சியும் நாருமாக, இலையில்லாமல், செத்தது மாதிரி தொங்கியது. வேரைச் சுற்றியிருந்த கற்களை எடுத்து ஓரமாகப் போட்டு, ஏணியை ஊன்றி, பெரிய கத்தரியால் ஜன்னல் உயரத்துக்குக் கீழே வரை ஒரே சீராக வெட்டிவிட்டார். வெட்டியதை வண்டியில் ஏற்றிக் கடற்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனார். நடுக்கோடைத் தீக்காக ஊரே தோட்டக் கழிவைக் கொண்டுபோய்க் குவிக்கும் இடம் அது. அந்த வருஷக் குவியலுக்கு முதல் வண்டி அவருடையதுதான். திரும்பி வரும்போது விசிலடித்துக்கொண்டு வந்தார். அதை நினைத்தால் இப்போதும் அவருக்குத் தன்னை அறையத் தோன்றும்.

பக்கத்து வீட்டு அஸ்தாதான் வேலிக்கு மேலாகப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள். "அட கிறுக்கு மனுஷா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கே? அது போன வருஷத்துத் தண்டுலதான் பூ விடும். மொத்தத்தையும் வெட்டிட்டியே!"

"துளிர்க்காதா?"

"நல்லாத் துளிர்க்கும். இலையா வரும். பூக்கறதுக்கு அடுத்த வருஷம் ஆகும்."

அன்று காலையில்தான் டாக்டர் போன் செய்திருந்தார். கோடை வரை இருக்கலாம் என்று சொல்லியிருந்தார்.

ஏப்ரலில் விகோவைத் தூக்குக்கட்டிலில் வைத்துப் பின்வாசல் வழியாக, சமையலறைக்குள்ளாகக் கொண்டுவந்தார்கள். காற்று முகத்தில் அடிக்கும் என்று சொல்லி ஹோல்கர் தலைமாட்டை ஜன்னல் பக்கம் போடச் சொன்னார். கொடியை என்ன செய்துவிட்டு பெயின்ட் அடித்தாய் என்று விகோ கேட்டபோது, "கயித்துல கட்டி ஒதுக்கி வச்சுக்கிட்டேன்" என்றார். அந்தப் பொய் ஒன்றுதான் வேண்டியிருக்கும் என்று நினைத்தார். அது குட்டி போட்டது. மேயில் துளிர் வந்துவிட்டது என்றார். வசந்தம் குளிராகப் போனதால் மொட்டு தாமதம் என்றார். பிறகு மொட்டு வந்துவிட்டது, பிறகு மொட்டு பெருத்துவிட்டது, பிறகு பூத்துவிட்டது, ஆனால் ஜன்னல் திறக்கவில்லை.

சமையலறைக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அஸ்தா வந்திருந்தாள், கிண்ணத்தில் ஸ்ட்ராபெரியோடு. அன்று நடுக்கோடைத் தீ நாள். குவியலின் உச்சியில் வைத்து எரிக்கும் வைக்கோல் சூனியக்காரிப் பொம்மைக்கு அஸ்தாவின் பழைய மேலங்கியைத்தான் உடுத்தியிருந்தார்கள். தலை மட்டும் உள்ளே நீட்டி, "எப்படி இருக்கே விகோ?" என்றாள்.

"உன்னைப் பொம்மைக்குப் பதிலா உக்கார வச்சா வைக்கோல் மிச்சமாகுமேன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"வாய் மட்டும் இன்னும் சாகலை பாரு."

"அதுதான் கடைசியில போகும்," என்றான் விகோ. கண்ணை மூடிக்கொண்டான்.

ஹோல்கர் சமையலறைக்குப் போனார். அஸ்தா குரலைத் தாழ்த்தினாள். "நர்ஸ் என்ன சொன்னா?"

"காலையில வந்துட்டுப் போனா. இன்னிக்கோ நாளைக்கோன்னா."

"சொல்லிடு ஹோல்கர். வெட்டிட்டேன்னு சொல்லிடு. அவன் உன் தம்பி, கடிச்சா தின்னுடப் போறான்?"

"முடியாது."

"ஏன்?"

ஹோல்கர் ஸ்ட்ராபெரியின் காம்பைக் கிள்ளினார். ஒன்று, இன்னொன்று. "அவன் எங்கிட்ட எதுவும் கேட்டதில்லை அஸ்தா. இத்தனை வருஷத்துல. இது ஒண்ணுதான் கேட்டிருக்கான்."

அவள் கைகளைத் துடைத்துக்கொண்டாள். "கடற்கரைப் பாதையில, கல்வேலி மேல, காட்டுத் தேன்கொடி இந்த வாரந்தான் பூத்திருக்கு. காலையில குவியலைப் புரட்டப் போனப்ப பார்த்தேன். ஒரு வாளி நிறைய வெட்டிக்கிட்டு வரேன். தண்ணியில போட்டு ஜன்னலுக்குக் கீழ வச்சு, இலைக்குள்ள செருகி விடறேன். நீ திற. அவன் மூக்குக்கு எந்தக் கொடின்னு தெரியவா போகுது?"

"உன் வீட்டுலயே ஒண்ணு இருக்கே."

"அது கடைச் சரக்கு. சிவப்பா இருக்கும், மணக்காது. உன் தம்பி அதைப் பார்த்து எத்தனை தடவை சிரிச்சிருக்கான், மறந்துட்டியா?" அவள் கதவருகில் நின்றாள். "இன்னிக்குப் புரட்டினதுல முள்ளெலி ஒண்ணு இருந்தது, குட்டிகளோட. தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் விட்டோம். அடியில கிடந்ததெல்லாம் மேல வந்துடுச்சு. உன்னோட கொடிக்கட்டைதான் உச்சியில நிக்குது, பொம்மைக்குக் கீழேயே."

குவியலுக்குள் புகுந்த முள்ளெலி எரிந்து சாகக் கூடாது என்பதற்காக, தீ வைக்கிற அன்று குவியலை அடிமேலாகப் புரட்டிப் போடுவது ஊர் வழக்கம். ஹோல்கரும் வாலிபத்தில் எத்தனையோ முறை புரட்டியிருக்கிறார். அதனால் அவள் சொன்னது அவர் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. அவர் மனம் முழுக்க வாளியில் இருந்தது.

சாயங்காலம் வந்தது. வெளிச்சம் குறையவில்லை, வடக்கே அந்தக் கோடை நாட்களில் அது லேசில் குறையாது. கடற்கரைப் பக்கம் ஜனங்கள் கம்பளியும் கூடையுமாகப் போகும் பேச்சுச் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே இலைகள் அசைந்தன. பிறகு அஸ்தாவின் குரல், யாரிடமோ பேசுவது போல, சத்தமாக: "ஆமா, இந்த வருஷம் உருளைக்கிழங்கு நல்லா வந்திருக்கு!" அதுதான் அடையாளம். இவளை நாடகத்தில் போட்டால் முதல் காட்சியிலேயே கல்லெறிவார்கள் என்று ஹோல்கருக்குத் தோன்றியது. ஆனாலும் கொட்டகைக்குப் போய் உளியும் சுத்தியலும் எடுத்து வந்தார். இத்தனை மாதத்தில் முதல்முறையாக அவருக்கு நெஞ்சு லேசாக இருந்தது.

"திறக்கறேன்டா."

"உளி துருப்பிடிச்சுப் போச்சுன்னியே?"

"தேய்ச்சுட்டேன்."

இந்த முறை நிஜமாகவே அடித்தார். பெயின்ட் படபடவென்று உதிர்ந்தது, பச்சைச் சில்லுகள் போர்வை மேலெல்லாம் தெறித்தன. கீழ்ப்பக்கம் விட்டது. பக்கவாட்டில் விட்டது. உள்ளங்கையால் ஒரு குத்து விட்டதும் ஜன்னல் வெளிப்பக்கம் திறந்துகொண்டது. கொக்கியை மாட்டினார். கீழே எட்டிப் பார்த்தார். புதுத் துளிர்களுக்கு நடுவே வெள்ளையும் மஞ்சளுமாகப் பூக்கள் நிறைந்திருந்தன. அஸ்தா சுவரோடு குனிந்தபடி தன் வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். அவரே நம்பிவிடும்படிதான் இருந்தது.

விகோ கண்ணை மூடி மூச்சை இழுத்தான். நீளமாக இழுக்க முடியவில்லை. துண்டு துண்டாக இழுத்தான். ஹோல்கர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தார்.

கடற்கரையில் பாட்டு தொடங்கியது. காற்று கடலிலிருந்து நேராக வீட்டுக்குள் வந்தது. அதோடு புகை வந்தது.

முதலில் லேசாக, பிறகு கண் கரிக்கிற அளவுக்கு. புகைக்கு முன்னால் பூ எந்த மூலைக்கு? ஹோல்கர் கையால் விசிறினார். விசிறிக்கொண்டிருக்கும்போதே அவர் மூக்குக்கும் அது தெரிந்தது. கசந்த இனிப்பு. குளிர்காலக் காலை. அவர் கை நின்றுவிட்டது.

"அண்ணே," என்றான் விகோ. "இது நம்ம அடுப்பு வாசனை."

"கடற்கரையில தீ வச்சிருக்காங்கடா. இன்னிக்கு..."

"என்னைக்குன்னு தெரியும்." அவன் இன்னும் இரண்டு தடவை மூச்சை இழுத்துப் பார்த்தான். "ஒரு கூடை எரிஞ்சா இங்க வரைக்கும் வராது. இது ஒரு கூடை இல்லை."

ஹோல்கர் தூக்கியிருந்த கையை இறக்கினார்.

"கயித்துல கட்டினேன்னியே."

"இல்லடா."

"எது வரைக்கும்?"

"ஜன்னலுக்குக் கீழ வரைக்கும்."

"எப்போ?"

"நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப. பிப்ரவரியில. ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கலாம்னு. நீ வரும்போது பார்க்க நல்லா இருக்கட்டும்னு."

"பெயின்ட் அடிக்க," என்றான் விகோ. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் வந்திருந்தால் ஹோல்கர் தாங்கியிருப்பார், அதற்குத் தயாராகத்தான் நின்றார். அவன் முகத்தில் கோபம் இல்லை. கடைசிப் படகு போய்விட்டது என்று தெரிந்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்காரும் பயணியின் முகம் அது. படகுத்துறையில் அப்படிப்பட்ட முகங்களை அவனே நிறையப் பார்த்திருப்பான்.

"என்ன கலர்?"

"பச்சை. அதே பச்சைதான்."

"வேர்ல கல்லு அடுக்கியிருந்தேனே. இருக்கா?"

ஏணிக்காக எடுத்துப் போட்ட கற்கள் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் அப்படியே கிடந்தன. "இருக்கு," என்றார் ஹோல்கர்.

"ஜன்னலைச் சாத்திடு."

"கொஞ்ச நேரத்துல காத்து திரும்பிடும்டா. புகை போயிடும். அப்புறம்..."

"சாத்திடுண்ணே. கண்ணு எரியுது."

ஹோல்கர் கொக்கியைக் கழற்றினார். கீழே வாளி இருந்தது. ஒரு கிளையை ஒடித்து அவன் மூக்கருகே பிடித்திருக்கலாம். ஆனால் ஒரு பொய்யில் பிடிபட்ட கையோடு அடுத்த பொய்யை எடுத்து நீட்ட அவருக்குக் கூசியது. தூங்கி எழட்டும், தெளிவாக இருக்கும்போது உள்ளே கொண்டுவந்து காட்டி, முழுவதையும் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டார். ஜன்னலை இழுத்துச் சாத்தினார். அது இப்போது சுலபமாக மூடியது.

சமையலறையில் அஸ்தா கையைப் பிசைந்துகொண்டு காத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. "வாளியை உள்ளே எடுத்துட்டு வரட்டுமா?"

"தூங்கறான். எழுந்ததும் நானே எடுத்துட்டு வரேன். நீ தீக்குப் போ."

"நான் எங்க போறது."

"போ அஸ்தா."

அவள் போனாள். கடற்கரைக்குப் போகவில்லை, தன் வீட்டுக்குப் போனாள்.

ஹோல்கர் அறைக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தார். மூடிய ஜன்னல் வழியாகப் பாட்டு மெலிந்து வந்தது. விகோவின் மூச்சு வந்தது, நின்றது, மறந்துபோன எதையோ எடுக்கத் திரும்புவது போல மறுபடி வந்தது. போர்வையெல்லாம் பச்சைச் சில்லு. அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்க்க ஆரம்பித்தார். செய்வதற்கு வேறு வேலை இல்லை. மடிப்புகளில் இருந்ததை எடுத்தார். தலையணையில் இருந்ததை எடுத்தார். மன்னிப்புக் கேட்க வேண்டிய வார்த்தைகளை மனதுக்குள் கூட்டிக்கொண்டே எடுத்தார். எந்த வார்த்தையும் சரியாக வரவில்லை. ஒன்று பெரிதாக இருந்தது, இன்னொன்று கடையில் மிதித்துவிட்ட காலுக்குச் சொல்வது போல இருந்தது. கடைசியாக ஒரு சில்லு விகோவின் கன்னத்தில், தாடி முளைத்த இடத்தில் ஒட்டியிருந்தது. கட்டைவிரலை நாக்கில் நனைத்து அதைத் துடைத்தெடுத்தார்.

சின்ன வயதிலிருந்தே யாராவது எச்சில் விரலால் முகம் துடைத்தால் விகோவுக்குப் பிடிக்காது. தலையைத் திருப்பிக்கொள்வான்.

இப்போது திருப்பவில்லை.

ஹோல்கர் சில்லுகளோடு கையை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போன் செய்தார்.

பெர்னில்லே சைக்கிளில் வந்தாள். பேக்கரிக்காரர் மகள், இந்தத் தெருவிலேயே விளையாடி வளர்ந்து நர்ஸானவள். அவள் தலைமுடியிலும் தீப்புகை வாசனை இருந்தது. விகோவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு ஹோல்கரின் தோளைத் தொட்டாள்.

"கஷ்டப்படாமப் போனாரா மாமா?"

ஹோல்கர் போர்வையின் மடிப்பை நீவினார். "தூங்கிட்டிருந்தான்," என்றார்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். "இன்னும் திறக்கலியா? நீங்கதான் திறக்கணும் மாமா, வீட்டு ஆளு. அவர் போகணுமில்ல?"

உயிர் போனதும் ஜன்னலைத் திறந்து வைப்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாத காரியம். அம்மாவுக்கு விகோ திறந்தான். அப்பாவுக்கும் விகோதான் திறந்தான். ஹோல்கர் கட்டிலைச் சுற்றிப் போய், பட்டையாகப் பச்சை உரிந்திருந்த சட்டத்தில் கை வைத்துத் தள்ளினார். சத்தமில்லாமல் திறந்தது.

கடற்கரையில் பாட்டு ஓய்ந்திருந்தது. காற்று நின்றுபோயிருந்தது. புகை இல்லை. ஈர மண்ணும் இலையுமாகக் குளிர்ந்த காற்று ஒரு நொடி தயங்கி உள்ளே வந்தது. அதன் பின்னாலேயே தேன்கொடியின் வாசனை வந்தது. கொஞ்சமாக வரவில்லை. அறை முழுக்க, கட்டில் முழுக்க, மருந்துப் புட்டிகள், நனைந்த பஞ்சு, மடித்து வைத்த கம்பளி எல்லாவற்றின் மேலும் வந்து நிறைந்தது.

ஹோல்கர் கொக்கியை மாட்டப் பார்த்தார். பெர்னில்லே வந்து மாட்டினாள்.

"நான் கொஞ்சம் வெளியில இருக்கேன்மா," என்றார்.

"இருங்க மாமா. நான் முகம் துடைச்சு, சட்டை மாத்திவிடறேன்."

அவர் பின்வாசல் வழியாக வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். வானத்தின் வடக்கோரம் இன்னும் வெளுப்பாக இருந்தது. பீப்பாய்க்குப் பக்கத்தில் கற்கள் பாசி பிடித்துக் கிடந்தன. இரண்டிரண்டாகத் தூக்கி வந்து ஜன்னலுக்குக் கீழே மண்டியிட்டார். முழங்கால் வலித்தது. கொடியின் அடித்தண்டு அவர் மணிக்கட்டு அளவு தடித்திருந்தது. வெட்டின முனைகள் கறுத்துக் காய்ந்திருந்தன, அவற்றை அடுத்தே இந்த வருஷத்துத் தண்டுகள் பச்சையாக, நீளமாக ஏறியிருந்தன. அவற்றுக்கு நடுவே அஸ்தாவின் துத்தநாக வாளி. அவர் வாளியைக் கையால் உள்ளே நகர்த்தி, இலைகளை இழுத்து மூடினார். பிறகு வேரை ஒட்டி முதல் கல்லை வைத்தார். எந்தக் கல் எந்த இடத்தில் இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு நாளும் கவனித்ததில்லை. வைத்துப் பார்த்தார், ஆடியது, திருப்பி வைத்தார்.

தலைக்கு மேலே ஜன்னலில் பெர்னில்லே கைத்துண்டைப் பிழிந்துகொண்டே எட்டிப் பார்த்தாள்.

"என்ன வாசனை மாமா! ரூமெல்லாம் நிறைஞ்சு போச்சு. விகோ மாமா கொடியா இது? பூத்துடுச்சா?"

ஹோல்கர் நிமிரவில்லை.

"ஆமாம்மா," என்றார். "இந்த வருஷம் கொஞ்சம் லேட்டு."

கையில் இருந்த கல்லைத் திருப்பி, தட்டையான பக்கம் கீழே வருமாறு, வேரின் மேல் வைத்தார்.